கோடரி தன்னையே மெச்சிக்கொண்டால்: வாசகர் கேள்வி பதில்

வேதத்தில் இருக்கும் நாகூம் தீர்க்கதரிசியின் புத்தகத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள், மூன்றே அதிகாரம், மொத்தமே 47 வசனம்தான் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். சிலருக்கு மனது கலங்கியிருக்கிறது, சிலருக்குக் கோபமே வந்திருக்கிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான், ஏனென்றால் நாகூமை வாசித்துவிட்டு ஒன்றுமே தோன்றவில்லை என்றால் சரியாக வாசிக்கவில்லை என்று அர்த்தம். எல்லாக் கடிதமும் அசீரியா என்ற பழைய வல்லரசையும், நாகூம் அழிவைச் சொன்ன அதன் தலைநகரான நினிவேயையும் சுற்றியே வந்திருப்பதால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: நாகூமை முடித்தபோது எனக்கு ஜெபிக்கவே வரவில்லை. ஒரு நகரம் அழிகிறது, பிணங்கள் குவிகின்றன, தீர்க்கதரிசி அதைப் பாட்டாகவே பாடுகிறார், கடைசியில் எல்லாரும் கைகொட்டுகிறார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்பான தேவன் என்று சொல்லிக்கொடுக்கிற நான் இந்தப் புத்தகத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: சகோதரி, கைகொட்டுகிறவர்கள் யார் என்று முதலில் பார்ப்போம். நாகூம் அதைக் கடைசி வசனத்திலேயே சொல்லிவிடுகிறார். உன் செய்தியைக் கேட்கிற எல்லாரும் கைகொட்டுவார்கள், உன் பொல்லாப்பு யார்மேல்தான் பாயாமல் விட்டது என்று கேட்டு முடிக்கிறார். அங்கே நிற்பது வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் இல்லை, அடிபட்டவர்கள்.

அது எப்படிப்பட்ட அடி என்று தெரிந்துகொள்ள ஒரு கற்சிற்பம் இருக்கிறது. கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவுக்குள் படையெடுத்து வந்து, எருசலேமுக்குத் தென்மேற்கே இருந்த லாகீஸ் என்ற அரணான பட்டணத்தைப் பிடித்தான். ஊருக்குத் திரும்பியதும் நினிவேயில் தான் கட்டிய மாளிகையில், நிகரில்லாத அரண்மனை என்று அவனே பேர் வைத்த மாளிகையில், ஒரு அறையின் சுவர் முழுக்க அந்த முற்றுகையைச் செதுக்க வைத்தான். 19ஆம் நூற்றாண்டில் லேயார்ட் என்ற ஆங்கிலேயர் அதைத் தோண்டி எடுத்தார், இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதன் பெரிய படம் ஒன்றை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் இந்தப் பதிலை எழுதுகிறேன். மண்மேடு போட்டு மதிலை இடிக்கும் இயந்திரத்தை மேலே தள்ளிக்கொண்டு போகிறார்கள். மதில்மேல் நிற்கிறவர்கள் அதன்மேல் தீப்பந்தங்களை எறிகிறார்கள், இயந்திரத்துக்குள் இருக்கும் ஒரு சிப்பாய் நீளமான அகப்பையால் தண்ணீர் ஊற்றி அணைத்துக்கொண்டிருக்கிறான். இன்னொரு பக்கம் பட்டணத்தைவிட்டு ஜனங்கள் வெளியே போகிறார்கள், மாட்டு வண்டியில் மூட்டை முடிச்சுகளோடு பெண்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி, கழுவில் ஏற்றப்பட்ட ஆண்கள். எல்லாவற்றுக்கும் எதிரே உயரமான சிங்காசனத்தில் சனகெரிப். உலகத்தின் ராஜாவும் அசீரியாவின் ராஜாவுமாகிய சனகெரிப் சிங்காசனத்தில் உட்கார்ந்தான், லாகீசின் கொள்ளை அவன் முன்பாகக் கடந்துபோயிற்று என்று பக்கத்திலேயே எழுத்தும் இருக்கிறது.

எதிரிகள் யாரோ அவனைப்பற்றி இட்டுக்கட்டிய கதை இல்லை இது. அவனே செய்யச் சொல்லி, தன் வீட்டுச் சுவரில் மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டியது. கழுவில் தொங்குகிற மனிதனையும் வண்டியில் போகிற பிள்ளையையும் பெருமைக்குரிய காட்சியாகச் சுவரில் வைத்துக்கொள்ள ஒரு ராஜ்யத்தால் முடிந்தது. நாகூம் அந்த நகரத்தைத்தான் இரத்தப்பழிகளின் நகரம் என்று கூப்பிடுகிறார், அதில் மிகை ஒன்றும் இல்லை.

அந்தச் சிற்பத்தில் சனகெரிப்பின் முகம் மட்டும் சிதைந்திருக்கிறது. யாரோ வேண்டுமென்றே கொத்தியிருக்கிறார்கள். கி.மு. 612இல் நினிவே விழுந்தபோது உள்ளே புகுந்தவர்கள் செய்திருப்பார்கள் என்றுதான் ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள். உலகத்தின் ராஜா என்ற எழுத்து இருக்கிறது, ராஜாவுக்குத்தான் முகம் இல்லை.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மூன்றாம் அதிகாரம் வேண்டாம், அதற்கு வயது வரவேண்டும். நாகூம் என்ற பேருக்கே ஆறுதல் என்று அர்த்தம் என்பதைச் சொல்லுங்கள். அந்த மாட்டு வண்டியைப் பற்றிச் சொல்லுங்கள், அதில் உட்கார்ந்து போன பிள்ளையை ஒருத்தரும் பார்க்கவில்லை என்று எல்லாரும் நினைத்தபோது ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்லுங்கள். அப்புறம் "கர்த்தர் நல்லவர், இக்கட்டு நாளிலே அரணான கோட்டை" என்ற 1:7ஐ மனப்பாடம் செய்ய வையுங்கள், அதுவும் இந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது, நம்மில் பலருக்கு அது நாகூம் என்றே தெரியாது.

பெரியவர்களுக்கு ஒன்று. மூன்றாம் அதிகாரத்தில் நாகூம் நோ அம்மோன் என்ற எகிப்து நகரத்தை இழுக்கிறார். கி.மு. 663இல் அசீரியர் அதைச் சூறையாடினார்கள். அங்கே குழந்தைகள் வீதிமுனைகளில் மோதியடிக்கப்பட்டதையும் பெரிய மனிதர்கள் சங்கிலியில் கட்டப்பட்டதையும் நாகூம் எழுதுகிறார். எகிப்து யூதாவுக்கு என்ன உறவா, சொந்தமா? அந்தப் பிள்ளைகளின் சாவும் அவர் கணக்கில் இருக்கிறது. பழிவாங்கும் வெறி பிடித்தவன் தன் வீட்டுச் சாவை மட்டும்தான் எண்ணுவான்.

கேள்வி: ஏசாயா 10ஆம் அதிகாரத்தில் அசீரியனை "என் கோபத்தின் கோல்" என்று தேவனே சொல்கிறார். அனுப்பினவரும் அவரே, பிறகு தண்டிக்கிறவரும் அவரே. கோல் என்ன செய்யும்? இது எனக்கு நியாயமாகப் படவில்லை, மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

பதில்: மழுப்ப மாட்டேன் சகோதரரே. நீங்கள் கண்டுபிடித்த முரண்பாட்டை ஏசாயா மறைக்கவே இல்லை, ஐந்தாம் வசனத்திலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். என் கோபத்தின் கோல் என்கிறார், அந்தக் கோலுக்கு ஐயோ என்கிறார். ஏழாம் வசனத்தில் காரணம் வருகிறது. தான் எதற்காக வந்திருக்கிறோம் என்ற எண்ணமே அசீரியனுக்கு இல்லை, அவன் மனதில் இருப்பதெல்லாம் அழிப்பதும், அதுவும் கொஞ்ச ஜாதிகளை இல்லை, ஏராளமான ஜாதிகளைச் சங்கரிப்பதும்தான். பன்னிரண்டாம் வசனத்தில் தேவன் எதை விசாரிக்கப் போகிறார் என்று பாருங்கள். அவன் புறப்பட்டு வந்ததை விசாரிப்பதாக அங்கே இல்லை. பெருமையான நெஞ்சையும் கண்களின் மேட்டிமையையும் விசாரிப்பதாக இருக்கிறது.

அடுத்து அவன் வாயாலேயே பேச விடுகிறார். என் கையின் பெலத்தினால் செய்தேன், என் ஞானத்தினால் செய்தேன், நான் புத்திமான். எனக்கு இந்த அதிகாரத்தில் மிகவும் வலிக்கிற இடம் 14ஆம் வசனம். குருவிக்கூட்டைக் கண்டவன் போல ஜனங்களின் சொத்தைக் கண்டேன், விட்டுப்போன முட்டைகளை வாருவதுபோலப் பூமியையே வாரிக்கொண்டேன், ஒன்றும் செட்டையை அசைக்கவில்லை, ஒன்றும் கீச்சென்றுகூடச் சொல்லவில்லை என்கிறான். கூட்டைக் கலைக்கிற கைக்கு அந்தப் பக்கத்து வலி தெரியவே தெரியாது. சத்தம் வரவில்லை, அதனால் வலிக்கவில்லை என்று அவன் நினைத்துக்கொள்கிறான்.

இதை ஏசாயாவின் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. சனகெரிப் தன் படையெடுப்பைப் பற்றி எழுதவைத்த ஆறு பட்டைக் களிமண் கல்வெட்டு ஒன்று 1830இல் நினிவேயில் கிடைத்தது. டெய்லர் பிரிசம் என்று சொல்வார்கள், ஒரு முழத்துக்கும் குறைவான உயரம்தான், ஆறு பக்கமும் பொடிப்பொடியாக ஆப்பெழுத்து. யூதாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்தேன் என்கிறான். சிறியோரும் பெரியோரும் ஆணும் பெண்ணுமாக 2,00,150 பேரையும், எண்ணிக்கையில்லாத குதிரை, கோவேறு கழுதை, கழுதை, ஒட்டகம், ஆடுமாடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்து கொள்ளையாகக் கணக்கிட்டேன் என்கிறான். அந்தத் தொகையை ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை, அது இருக்கட்டும், மனிதரையும் கழுதையையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறானே, அதைப் பாருங்கள். பிறகு யூதாவின் ராஜா எசேக்கியாவைப் பற்றி ஒரு வரி. கூண்டில் அடைத்த பறவையைப்போல அவனை எருசலேமுக்குள் அடைத்து வைத்தேன். ஏசாயா சொன்ன கையில் குருவிக்கூடு, சனகெரிப் சொன்ன கையில் பறவைக்கூண்டு.

நியாயத்துக்கு வருகிறேன். 2 இராஜாக்கள் 18ஐ எடுத்து, சனகெரிப் அனுப்பின அதிகாரி ரப்சாக்கே எருசலேம் மதிலுக்கு வெளியே நின்று பேசின பேச்சை முழுதாக வாசியுங்கள். எருசலேமின் அதிகாரிகள், ஐயா, சீரிய பாஷையில் பேசுங்கள், எங்களுக்குப் புரியும், மதில்மேல் இருக்கிற ஜனங்கள் கேட்கிறார்களே என்று கெஞ்சுகிறார்கள். அவன் வேண்டுமென்றே யூத பாஷையில், இன்னும் உரக்கக் கத்துகிறான். அந்தப் பேச்சின் நடுவில் அவன் சொல்வது இது: இந்தத் தேசத்துக்கு விரோதமாய்ப் போய் அழித்துப்போடு என்று கர்த்தரே எனக்குச் சொன்னார். ஏசாயா சொன்ன அதே விஷயம்! அப்படியென்றால் அவனுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அதே வாய், ஆமாத்தின் தெய்வம் எங்கே, அர்பாத்தின் தெய்வம் எங்கே, சமாரியாவைத் தப்புவித்தார்களா, உங்கள் கர்த்தர் மட்டும் எருசலேமை என் கைக்குத் தப்புவிப்பாரோ என்று கேட்கிறது. அனுப்பினவரின் பேரையும் சொல்லிக்கொள்கிறான், அவரையும் தோற்ற தெய்வங்களின் பட்டியலில் ஒருவராகச் சேர்க்கிறான். கோடரி வெட்டுகிறவனைப் பார்த்துத் தன்னை மெச்சிக்கொள்ளலாமா என்று 15ஆம் வசனம் கேட்பது இதைத்தான். கோடரிக்கு வாய் இல்லை, அதனால் கோடரியை யாரும் விசாரிப்பதில்லை. இவனுக்கு வாய் இருந்தது, மனது இருந்தது, எத்தனை பேரைக் கழுவில் ஏற்றுவது என்று முடிவுசெய்யும் இடத்தில் அவன்தான் இருந்தான்.

இன்னும் ஒன்று, இதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். அந்த 10ஆம் அதிகாரம் அசீரியனோடு ஆரம்பிக்கவில்லை. அநியாயமான சட்டங்களை எழுதி, ஏழைக்கு நியாயம் கிடைக்காமல் செய்து, விதவையைக் கொள்ளையாடுகிற தேவஜனத்தின் தலைவர்களுக்குத்தான் முதல் ஐயோ. ஐந்தாம் வசனத்தில் அசீரியனுக்கு வருவது இரண்டாவது ஐயோ. இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தை. நியாயமாகப் படவில்லை என்றீர்களே, இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

கேள்வி: சனகெரிப் எருசலேமைப் பிடித்தானா இல்லையா? இரண்டு விதமாகவும் கேள்விப்படுகிறேன். அவன் எப்படிச் செத்தான் என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: பிடிக்கவில்லை. பிடித்ததாக அவனே எங்கும் சொல்லவில்லை. 46 பட்டணத்தை எண்ணிச் சொல்கிறவன் எருசலேமுக்கு வரும்போது அடைத்து வைத்தேன் என்பதோடு நிறுத்தி, எசேக்கியா அனுப்பிய கப்பத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறான். முப்பது தாலந்து பொன் என்று வேதமும் சொல்கிறது, அவன் கல்வெட்டும் சொல்கிறது. வெள்ளிக் கணக்கில் மட்டும் வேதத்தில் முந்நூறு, அவனுடையதில் எண்ணூறு. அரண்மனைச் சுவரிலும் லாகீஸ்தான் இடம்பிடித்தது. ராஜதானியையே பிடித்திருந்தால் லாகீஸை யாராவது அவ்வளவு பெரிதாகச் செதுக்குவார்களா?

அவன் சாவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2 இராஜாக்கள் 19இல் இரவில் தேவதூதன் வந்ததும், ராஜா ஊர் திரும்பியதும், அவன் மகன்களே அவனை வெட்டிப்போட்டதும் மூன்று வசனத்துக்குள் முடிந்துவிடும். வாசிக்கும்போது எல்லாம் ஒரே வாரத்தில் நடந்ததுபோல இருக்கும். நடுவில் 20 வருஷம் இருக்கிறது. அவன் செத்தது கி.மு. 681இல். மகனே கொன்றான் என்று பாபிலோனியரின் பழைய வருஷக் குறிப்பான பாபிலோனிய நாளாகமமும் எழுதி வைத்திருக்கிறது.

கேள்வி: யோனா பிரசங்கித்து நினிவே மனந்திரும்பியதே? மன்னித்த தேவன் பிறகு ஏன் அழித்தார்?

பதில்: யோனா வாழ்ந்தது இரண்டாம் யெரொபெயாம் ராஜாவின் காலத்தை ஒட்டி, அதாவது கி.மு. எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி. நாகூம் நோ அம்மோன் விழுந்ததைச் சொல்கிறார் என்றால் கி.மு. 663க்குப் பிறகுதான் பேசியிருக்க வேண்டும். நடுவில் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த நூறு வருஷத்தில்தான் சமாரியா விழுந்தது, லாகீஸ் விழுந்தது, எகிப்துவரை போய் அடித்தார்கள். பாட்டன் இரட்டுடுத்திச் சாம்பலில் உட்கார்ந்தது பேரனுக்குக் கணக்கில் வராது.

ஆனால் உங்கள் கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. நீடிய சாந்தமுள்ளவர் என்ற வார்த்தை யோனா 4:2இலும் இருக்கிறது, நாகூம் 1:3இலும் இருக்கிறது. சீனாய் மலையில் மோசேக்குச் சொல்லப்பட்ட வார்த்தை அது. யோனாவுக்கு அது புகார். நீர் நீடிய சாந்தமுள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஓடினேன் என்று சண்டை போடுகிறார். நாகூமில் அது எச்சரிக்கை. இவ்வளவு காலம் பொறுத்தார், அதற்காகக் குற்றவாளியைச் சும்மா விட்டுவிடுவார் என்று எண்ணாதே என்று தொடர்கிறது. வார்த்தை ஒன்றுதான், நடுவில் கடந்துபோனது அந்த நூறு வருஷம்.

இன்னொன்று, இரண்டு புத்தகமும் கேள்வியோடு முடிகின்றன. நாகூமின் கேள்வியை மேலே பார்த்தோம். யோனாவிடம் தேவன் கேட்பது, வலது கை எது இடது கை எது என்று தெரியாத லட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களும், அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நினிவேக்காக நான் பரிதபியாமல் இருப்பேனோ என்று. மனிதரையும் ஆடுமாட்டையும் சேர்த்து எண்ணுகிற இந்தக் கணக்கை இதே பக்கத்தில் கொஞ்சம் முன்னால் பார்த்தோமே! சனகெரிப் யூதாவில் மனிதரையும் மிருகங்களையும் கொள்ளையாக எண்ணினான். தேவன் நினிவேயில் மனிதரையும் மிருகங்களையும் பரிதாபத்தோடு எண்ணினார். இதைக் கவனித்த அன்றைக்கு வேதத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கேள்வி: "ஆறுகளின் மதகுகள் திறக்கப்படும்" என்று நாகூம் 2:6 சொன்னபடி வெள்ளத்தால்தான் நினிவே விழுந்ததா?

பதில்: நினிவே விழுந்ததைப் பற்றி நம்மிடம் இருக்கும் நல்ல சாட்சி பாபிலோனிய நாளாகமம். நபோபொலாசர் தலைமையில் பாபிலோனியரும், கியாக்சரேஸ் தலைமையில் மேதியரும் சேர்ந்து மூன்று மாதம் முற்றுகை போட்டு கி.மு. 612இல் பிடித்தார்கள் என்பது அதிலிருந்து தெரிகிறது. வெள்ளத்தைப் பற்றி அதில் பேச்சில்லை. ஆறு பெருகி மதில் இடிந்தது என்று எழுதியவர்கள் பிற்காலக் கிரேக்கர்கள், அவர்களில் தியோடோரஸ் நினிவேயின் பக்கத்தில் ஓடும் திக்ரிஸ் ஆற்றையே ஐபிராத்து என்று மாற்றி எழுதியிருக்கிறார், அதனால் அதன்மேல் பெரிய பாரத்தை ஏற்ற எனக்கு மனமில்லை. ஆனால் தண்ணீரைச் சொன்னால் நினிவேக்காரனுக்கு எங்கே சுடும் என்று நாகூமுக்குத் தெரிந்திருந்தது. கோசர் ஆறு நகரத்துக்குள்ளேயே ஓடியது. சனகெரிப் மலைகளிலிருந்து கால்வாய் வெட்டி நினிவேயின் தோட்டங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான், வழியில் ஜெர்வான் என்ற இடத்தில் ஒரு பள்ளத்தாக்கைத் தாண்ட இருபது லட்சம் கல்லுக்குக் குறையாமல் அடுக்கிக் கட்டிய நீர்ப்பாலம் இன்றைக்கும் இடிபாடாக நிற்கிறது. அவன் ரொம்பவும் பெருமைப்பட்ட வேலை அது. மதகு உன் கையில் இல்லை என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்!

நினிவேயின் ஹல்சி வாசலை 1989, 1990 ஆண்டுகளில் தோண்டியபோது, அந்தக் கடைசிச் சண்டையில் செத்தவர்களின் எலும்புக்கூடுகள் வாசல் வழியிலேயே விழுந்தபடி கிடைத்தன. அதில் சின்னப் பிள்ளைகளும் உண்டு. நாகூமின் மூன்றாம் அதிகாரத்தை நான் சபையில் உரக்க வாசிக்க நேரும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து குரல் இறங்கிவிடும். இறங்கத்தான் வேண்டும்.

கேள்வி: பாபிலோன் இனி ஒருபோதும் குடியேற்றப்படாது என்று ஏசாயா 13 சொல்கிறது. ஆனால் கோரேஸ் பிடித்தபோது அது அழியவில்லையே?

பதில்: அழியவில்லை என்பது சரிதான். கி.மு. 539இல் பெர்சிய ராஜா கோரேசின் படை சண்டையில்லாமலே உள்ளே நுழைந்தது என்று கோரேசின் உருளைக் கல்வெட்டு சொல்கிறது. அன்றைக்கே பாபிலோன் தரைமட்டமானதாகச் சிலர் பிரசங்கிக்கிறார்கள், அப்படிச் சொல்லி வசனத்தைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. விழுந்தது ராஜ்யம், நகரம் மெள்ள மெள்ளத்தான் போயிற்று. கி.மு. 323இல் அலெக்சாந்தர் செத்ததே பாபிலோனில்தான். அவனுக்குப் பின் வந்த செலூக்கஸ் திக்ரிஸ் கரையில் புது நகரம் கட்டினான், ஜனம் அங்கே போகப் போக இது காலியாயிற்று. கி.பி. 116இல் ரோமப் பேரரசன் திராயான் பழம்பெருமையைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தபோது மண்மேடும் கல்லும்தான் இருந்தன.

எனக்கு இதில் பெரிதாகத் தோன்றுவது வேறு. நினிவேயை உடைத்த நபோபொலாசரின் மகன்தான் நேபுகாத்நேச்சார். அசீரியக் கோலை ஒடித்த கை அடுத்த கோலாயிற்று, அது எருசலேமையே எரித்தது. ஆபகூக் தீர்க்கதரிசி, கோலைப் பற்றி நம் வாசகர் மேலே கேட்ட அதே கேள்வியைத்தான் கதறிக் கேட்கிறார். துன்மார்க்கன் தன்னைவிட நீதிமானை விழுங்கும்போது நீர் மௌனமாயிருப்பது ஏன் என்கிறார். நினிவே விழுந்ததற்கும் பாபிலோன் ராஜ்யம் விழுந்ததற்கும் நடுவே 73 வருஷம்தான். ஒரு ஆள் இரண்டையும் பார்த்திருக்க முடியும்.

நேபுகாத்நேச்சார் தன் செங்கல்களில் தன் பேரை முத்திரை குத்தினான், இது நான் கட்டின மகா பாபிலோன் அல்லவா என்று மாடியில் உலாவினவன் அவன். 1980களில் சதாம் உசேன் அதே இடிபாட்டின்மேல் சுவர் எழுப்பியபோது அவரும் தன் பேரைச் செங்கலில் பொறித்தார். 2003இல் அவர் ஆட்சி போயிற்று. அந்தச் செங்கல்கள் பழைய செங்கல்களுக்கு மேலேயே இருக்கின்றன.

கேள்வி: இன்றைய உலகத்தில் எந்த நாடு அந்த அசீரியா? எங்கள் ஜெபக்குழுவில் ஒரு நாட்டின் பேரைச் சொல்கிறார்கள்.

பதில்: சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நமக்குப் பிடிக்காத நாட்டைத்தான் எப்போதும் அசீரியா என்கிறோம், நம் நாட்டை யாரும் சொல்வதில்லை. வேதத்தில் அந்தப் பேர் ஒரு உண்மையான ஜனத்தின் பேர். அந்த மண்ணில், மோசூலைச் சுற்றியுள்ள நினிவே சமவெளியில், தங்களை அசீரியர் என்று சொல்லிக்கொள்ளும் கிறிஸ்தவர்கள் இன்றும் உண்டு. சுரியானி மரபில் வந்த அவர்களுடைய சபைகள் வருஷாவருஷம் லெந்து காலத்துக்கு முன்னால் மூன்று நாள் நினிவே உபவாசம் என்று இருக்கிறார்கள், யோனா பிரசங்கித்தபோது தங்கள் ஊர் மனந்திரும்பியதை நினைத்து. 2014இல் ஐ.எஸ். தீவிரவாதிகள் அந்தச் சமவெளியின் ஊர்களைப் பிடித்தபோது அவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள், மாட்டு வண்டிக்குப் பதில் கார்களிலும் கால்நடையாகவும். அந்தப் பக்கத்தில் அல்கோஷ் என்ற ஊரில், பழைய யூத ஜெப ஆலயம் ஒன்றுக்குள், நாகூமின் கல்லறை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிற இடம் இருக்கிறது. நாகூமின் பேரைச் சொல்லி ஒரு நாட்டைச் சபிக்கிறவர்கள் இந்த ஜனத்தையும் கொஞ்சம் நினைக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அப்புறம் ஜெபக்குழுவில் ஏசாயா 19இன் கடைசி மூன்று வசனங்களை வாசித்துப் பாருங்கள். எகிப்திலிருந்து அசீரியாவுக்கு ஒரு பெருவழி உண்டாகும், இரண்டு பேரும் சேர்ந்து ஆராதிப்பார்கள் என்று சொல்லிவிட்டு, எகிப்தை என் ஜனம் என்றும், அசீரியாவை என் கரங்களின் கிரியை என்றும், இஸ்ரவேலை என் சுதந்தரம் என்றும் கர்த்தர் மூன்றையும் சேர்த்து ஆசீர்வதிக்கிறார். என் கோபத்தின் கோல் என்று பேர் வாங்கினவனுக்கு அதே தீர்க்கதரிசியின் புத்தகத்தில் இன்னொரு பேரும் இருக்கிறது.

கேள்வி: எனக்குப் பெரிய அநியாயம் செய்த ஒருவர் இன்று மிக உயரத்தில் இருக்கிறார். அவருக்கு விரோதமாக நாகூமை வைத்து ஜெபிக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன் சகோதரி. என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை, அது உங்களுக்கும் எனக்கும் தெரிந்தால் போதும். உங்கள் கோபத்தில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, யாராவது மன்னித்துவிட்டு மறந்துவிடு என்று அவசரப்படுத்தினால் அதற்காகக் குற்ற உணர்ச்சியும் வேண்டாம். நாகூமை வாசியுங்கள், சத்தமாகவே வாசியுங்கள், அது உங்களைப் போன்றவர்களுக்காக எழுதப்பட்டது. தீர்ப்பு வாசகத்தை மட்டும் நீங்கள் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நாகூமும் தன் கோபத்தைத் தீர்ப்பாக எழுதவில்லை, தனக்குக் கொடுக்கப்பட்டதை எழுதினார்.

எசேக்கியா ராஜா செய்ததைப் பாருங்கள். சனகெரிப் அனுப்பின கடிதம் கைக்கு வருகிறது, உன் தேவன் உன்னை எத்தாதபடி பார் என்று எழுதியிருக்கிறது. ராஜா அதை வாசிக்கிறார். பதில் எழுதவில்லை, கிழித்தும் போடவில்லை. ஆலயத்துக்கு எடுத்துக்கொண்டு போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைக்கிறார். கண்களைத் திறந்து பாரும், செவியைச் சாய்த்துக் கேளும், அவன் சொன்ன வார்த்தைகளைக் கேளும் என்கிறார். அசீரிய ராஜாக்கள் தேசங்களைப் பாழாக்கினது மெய்தான் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். உங்களுக்கு நடந்ததை ஒரு தாளில் முழுக்க எழுதுங்கள், ஒன்றையும் குறைக்காதீர்கள், பேரையும் எழுதுங்கள், அப்படியே விரித்து வையுங்கள். எசேக்கியா அந்த ஜெபத்தை முடித்ததற்குப் பிறகு 2 இராஜாக்கள் 19இல் அவர் எதுவும் செய்ததாக ஒரு வரிகூட இல்லை. பதில் ஏசாயாவிடமிருந்து ஆள் மூலமாக வருகிறது.